வெளியே போன நேரம்

அவளுக்கு நாற்பத்து நான்கு வயது. அலுவலகத்தில் அவளைவிட மூத்தவர்கள்கூட அவளைக் கதவக்கா என்றுதான் சொல்வார்கள். அந்த அக்காவில் மரியாதை கால் பங்கு என்றால் எரிச்சல் முக்கால் பங்கு. பின்னே? மனுஷன் அவசரமாக சர்வருக்குள் நுழைய வேண்டும் என்று வந்து நிற்கிறான். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "எதுக்கு? எவ்வளவு நேரத்துக்கு?" என்று கேட்கிற பெண்மணியை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்?

ரத்தப் பரிசோதனை நிலையங்களின் முடிவுகளைச் சேமித்து வைத்து டாக்டர்களுக்கு அனுப்புகிற நிறுவனம் அது. சேமிக்கிற கம்ப்யூட்டர்கள் அந்தக் கட்டடத்தில் இல்லை. கிளவுட் என்கிறார்களே, அங்கே இருந்தன. பேர்தான் மேகம். மழையும் கிடையாது, இடியும் கிடையாது. கண்காணாத ஏதோ ஒரு ஊரில், குளிரூட்டிய கட்டடத்தில் அடுக்கி வைத்திருக்கிற வாடகை சர்வர்கள், அவ்வளவுதான். வீட்டில் உட்கார்ந்துகொண்டே யார் வேண்டுமானாலும் அவற்றுக்குள் போய் வேலை செய்யலாம். வசதி அதுதான், வயிற்றில் புளியைக் கரைப்பதும் அதுதான்.

அதனால் அவள் ஒரு வாசல் வைத்திருந்தாள். எந்த சர்வருக்குப் போனாலும் அந்த ஒரு வாசல் வழியாகத்தான் போக வேண்டும். ஆளுக்கொரு சாவி. சாவி என்றால் இரும்புச் சாவி இல்லை; கம்ப்யூட்டரில் வைத்துக்கொள்கிற ஒரு சின்னக் கோப்பு. போவதற்கு முன்னால் காரணம் எழுத வேண்டும், நேரம் எழுத வேண்டும். உள்ளே போய் எதைத் தட்டினாலும் கேமரா வைத்த மாதிரி பதிவாகும். சொன்ன நேரம் முடிந்தால் கதவு தானாக வெளியே தள்ளிவிடும். பாதி வேலையில் தள்ளப்பட்டவர்கள் அவளைத் திட்டிய திட்டெல்லாம் எழுதினால் இந்தக் கதை அச்சுக்குப் போகாது.

இந்தப் பிடிவாதம் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், ஒரு பெண்கள் விடுதியின் வாசலிலிருந்து வந்தது. அவளுடைய முதல் வேலை அங்கேதான். ஒரு நாற்காலி, ஒரு மேஜை, மேஜை மேல் நீளமான நோட்டு. பெயர், யாரைப் பார்க்க, உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம். முதல் மூன்று கட்டத்தையும் ஜனங்கள் ஒழுங்காக எழுதுவார்கள். எழுதாவிட்டால் உள்ளே விடமாட்டாளே. நாலாவது கட்டம் காலியாகவே கிடக்கும். போகிறவனுக்கு என்ன கவலை? "ரெண்டே நிமிஷம்மா" என்று போனவர்கள் இரண்டு மணி நேரம் கழித்து அவள் தண்ணீர் குடிக்க எழுந்த சமயம் பார்த்து நழுவியிருப்பார்கள். அவள் தெருமுனை வரைக்கும் நோட்டும் கையுமாக ஓடுவாள். "எழுதிட்டுப் போங்க சார்." அவர்கள் சிரிப்பார்கள். அவள் சிரிக்க மாட்டாள். உள்ளே வருகிறவனைப் பார்க்க ஆயிரம் கண் இருக்கிறது, வெளியே போனானா என்று பார்க்க ஒரு நாதி கிடையாது என்பது ஆறு வருடத்தில் அவள் கண்டுகொண்ட விஷயம்.

சாயங்காலங்களில் கம்ப்யூட்டர் படித்து, முட்டி மோதி, இந்த நிறுவனத்தில் சர்வர் ஆபரேட்டராகச் சேர்ந்தாள். அப்போது வாசலாவது ஒன்றாவது! இருபத்தேழு பேருக்கும் ஒரே சாவி. ஒரு கோப்பை எல்லோரும் நகல் எடுத்து வைத்துக்கொண்டு, திறந்த வீட்டில் எதுவோ நுழைந்த மாதிரி நுழைவார்கள். வேலையை விட்டுப் போய் ஆறு மாதமான ஒருவன், ஒரு நாள் பழைய பாசத்தில் மேலாளருக்குச் செய்தி அனுப்பினான். 'சார், உங்க சர்வர்ல இடம் தீரப்போகுது. கொஞ்சம் பாத்துக்குங்க.' நல்ல எண்ணத்தில்தான் சொன்னான், பாவி. ஆனால் ஆறு மாதமாக அவன் உள்ளே போய் வந்துகொண்டிருக்கிறான் என்று மேலாளருக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. இனிமேல் சாவிகளை யார் பொறுப்பாகப் பார்த்துக்கொள்வது என்று கூட்டத்தில் கேட்டபோது எல்லோரும் அவரவர் செருப்பைப் பார்த்தார்கள். அவள் கையைத் தூக்கினாள்.

மூன்று மாதத்தில் புது வாசல் வந்தது. ஒரே ஒரு சர்வர் மட்டும் வழிக்கு வரவில்லை. பரிசோதனை நிலையங்கள் அனுப்புகிற முடிவுகள் முதலில் வந்து இறங்குகிற பழைய சர்வர் அது. அதற்குக் கிழவர் என்று பேர். கிழவருக்குப் பழைய பொதுச் சாவி மட்டும்தான் தெரியும்; புது வாசலைத் தொடாமல், பின்வாசல் மாதிரி, அதை வைத்து நேராக உள்ளே போய்விடலாம். பூட்டையே மாற்றிவிடலாம் என்றாள் அவள். மேலாளர் கழுவுகிற மீனில் நழுவுகிற மீன். "மாத்தினா அரை நாள் எல்லாம் நிக்கும். ஆத்திர அவசரத்துக்கு அது இருக்கட்டும். நகலையெல்லாம் அழிச்சிடு, போதும்" என்றார்.

அவளும் சரி என்றுவிட்டாள். வாழ்க்கையில் அவள் அரை மனதோடு சொன்ன சரி அது ஒன்றுதான். பெயர்ப் பட்டியலை எடுத்துக்கொண்டு மேஜை மேஜையாகப் போனாள். வேலையை விட்டுப் போனவன் உள்பட ஒவ்வொருவரும் அவள் கண் முன்னாலேயே பழைய சாவியை அழித்தார்கள். முதல் வேலையாகத் தன் மேஜையில் இருந்ததை அழித்து, தன் பெயருக்கு நேரே ஒரு டிக் போட்டுக்கொண்டுதான் மற்றவர்களிடம் போனாள். கடைசியில் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். 'இருபத்தேழு நகல்களும் அழிக்கப்பட்டன. நேரில் பார்த்தேன்.' மிச்சம் ஒரே ஒரு சாவி, அவள் பொறுப்பில். அதற்கு அவசரச் சாவி என்று புதுப் பேர். கிழவருக்கு உடம்பு சரியில்லை என்றால், கேட்கிறவருக்குக் கொடுத்து, வேலை முடிந்ததும் அழிக்கச் சொல்லி, நேரத்தைக் குறித்துக்கொள்வாள். இப்படி இரண்டு வருடம் ஓடியது.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று பன்னிரண்டுக்கு, யாரோ அவசரச் சாவியோடு கிழவரிடம் நுழைந்து, அன்றைக்கு வந்திருந்த பரிசோதனை முடிவுகள் அத்தனையையும் துடைத்து எறிந்தார்கள். முந்தின ராத்திரி வரைக்கும் உள்ளதற்கு நகல் இருந்தது. அன்று காலையிலிருந்து வந்தவை போனது போனதுதான். அறுபத்து மூன்று பேருடைய முடிவுகள். நிலையங்களில் முடிவுகளைத் தனியாக எடுத்து வைக்கிற வழக்கம் இல்லை, குப்பிகளையும் கழுவிக் கொட்டியாகிவிட்டது. அறுபத்து மூன்று பேரும் மறுபடியும் கையை நீட்டி ஊசி குத்திக்கொள்ள வேண்டும்.

அன்றைக்கு அவசரச் சாவியை வாங்கியவர் ஒரே ஒரு ஆள். நிதானம்.

நிதானம் என்பது ஐம்பத்திரண்டு வயதான ஓர் ஆபரேட்டருக்கு அலுவலகம் வைத்த பேர். மற்றவர்கள் பத்து நிமிடத்தில் முடிக்கிற வேலைக்கு அவர் அரை மணி எடுத்துக்கொள்வார். என்ன செய்யப் போகிறோம் என்று முதலில் நோட்டில் எழுதுவார், எழுதியதைப் படிப்பார், அப்புறம்தான் விசைப்பலகையைத் தொடுவார். மனைவிக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆகியிருந்ததால் இரண்டு வாரமாக வீட்டிலிருந்தே வேலை பார்த்தார். அன்றைக்கு இரண்டு நாற்பதுக்குச் சாவி வாங்கினார். கிழவருக்குள் ஒரு வேலை சிக்கிக்கொண்டு நின்றிருந்தது, அதை எடுத்துவிட்டார். இரண்டு ஐம்பத்தைந்துக்கு, "முடிஞ்சுதும்மா, அழிச்சிட்டேன்" என்றார். கதவக்கா குறித்துக்கொண்டாள். பதினேழு நிமிடம் கழித்து இந்தக் கூத்து.

புதன்கிழமை காலை மேலாளர் அவளைக் கூப்பிட்டார்.

"அவர் அழிக்கலை. சாவி கையில இருந்திருக்கு. கைதவறி எதையோ தட்டிட்டு இப்ப மறைக்கிறார். வேற யார் பண்ணியிருப்பா?"

"மூணு பன்னெண்டுக்கு வந்த இன்டர்நெட் முகவரி வேற சார். அவர் ரெண்டு நாப்பதுக்கு வந்தது வேற நம்பர்லேர்ந்து."

"வீட்டு இன்டர்நெட் விட்டுவிட்டு வரும். மறுபடி வந்தா நம்பர் மாறும். அதே ஏரியா, அதே இன்டர்நெட் கம்பெனி. அன்னிக்கு மத்தியானம் லைன் போச்சுன்னு அவரே சொல்றார். இதுக்கு மேல என்ன வேணும்?"

"பின்வாசல்ல கேமரா இல்ல சார். பூட்டை மாத்தணும்னு மூணு தடவை எழுதிக் கொடுத்தேன்."

"அதெல்லாம் அப்புறம். பரிசோதனை நிலையங்கள் சார்பா வெள்ளிக்கிழமை நாலு மணிக்குத் தணிக்கைக்கு ஒரு அம்மா வராங்க. அவங்களுக்கு ஒரு பேர் வேணும். அன்னிக்கே அவரை அனுப்பிடறோம். கடிதத்துலயும் காரணத்தைப் போட்டாகணும்."

அந்தக் காரணத்தோடு ஐம்பத்திரண்டு வயதில் வெளியே போகிறவனை எந்த நிறுவனம் சர்வர் பக்கம் அண்ட விடும்? அவளுக்குத் தெரியும். மேலாளருக்கும் தெரியும்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகிற வழியில் அவள் நிதானத்தின் வீட்டுக் கதவைத் தட்டினாள். அவள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான். மனைவி நடைதாங்கியைப் பிடித்துக்கொண்டு கூடத்தில் எட்டு வைத்துப் பழகிக்கொண்டிருந்தாள். அவர் பின்னாலேயே ஒரு நாற்காலியை இழுத்துக்கொண்டு போனார், விழுந்தால் உட்கார.

"அண்ணே, நேரா கேக்கறேன். அழிச்சது நீங்களா?"

"இல்லம்மா."

"லைன் போச்சுன்னு ஏன் சொன்னீங்க? அதைத்தான் பிடிச்சிட்டுத் தொங்கறாங்க."

"போச்சே. போனதைப் போகலைன்னா சொல்ல முடியும்?" அவர் நோட்டை எடுத்துக் காட்டினார். இரண்டு நாற்பது, சாவி வாங்கினேன். இரண்டு நாற்பத்து மூன்று, சிக்கின வேலையின் எண் பார்த்தேன். வரிவரியாக, பள்ளிக்கூடப் பையன் எழுத்து மாதிரி. கடைசி வரி: சாவி அழித்தேன், குப்பைத்தொட்டியிலும் அழித்தேன்.

"இவருக்கு ஒரு சட்டைப் பொத்தான் போடவே கால் மணி ஆகும்" என்றாள் மனைவி, மூச்சு வாங்கிக்கொண்டே. "இவர் கைதவறித் தட்டினாராம்! கைதவறணும்னா முதல்ல கை வேகமாப் போகணுமே."

கதவக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மடியில கனம் இல்லைன்னா வழியில பயம் எதுக்கு அண்ணே? வெள்ளிக்கிழமைக்குள்ள யாருன்னு கண்டுபிடிச்சிடறேன்" என்று சொல்லிவிட்டு வந்தாள். சொல்லியாகிவிட்டது. அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்துவிட்டால், அதற்கப்புறம் அவளைப் பிடித்து நிறுத்த ஆள் பிறக்கவில்லை.

வியாழக்கிழமை காலை முதல் அவள் நாற்காலியை விட்டு எழவில்லை. பின்வாசலில் விழுந்திருந்தது ஒரே ஒரு வரி. நேரம், சாவி, முகவரி. சாவி பொதுச் சாவி. அதைக் கேட்டால் பேர் சொல்லாது. நேரமும் பேசாது. பேசினால் முகவரி எண்தான் பேச வேண்டும். அந்த எண்ணை வைத்துக்கொண்டு முன்வாசலின் பதிவுகளைத் தேடுவது என்று முடிவு செய்தாள். ஒரு வருடத்துப் பதிவு; யார், எப்போது, எங்கிருந்து வந்தார்கள் என்பதெல்லாம் அதில் இருந்தது. இந்த எண்ணிலிருந்து யாராவது எப்போதாவது தன் சொந்தச் சாவியோடு வந்திருந்தால், குட்டு உடைந்துவிடும்.

மதியம் இரண்டரை மணிக்கு விடை வந்தது. அந்த எண் ஏழு வரிகளில் இருந்தது. திங்கள் ராத்திரி எட்டு ஐந்து. புதன் காலை ஆறு நாற்பது. அப்படி ஏழு. நிதானத்தின் பேர் ஒரு வரியில்கூட இல்லை. ஏழு வரியிலும் இருந்த பேர் அவளுடைய பேர்.

அவள் மறுபடி தேடினாள். எண்ணை ஒவ்வொரு இலக்கமாகச் சரிபார்த்துவிட்டு மூன்றாம் தடவையும் தேடினாள். அதே ஏழு வரி. அவளுடைய வீடு. செவ்வாய்க்கிழமை மூன்று பன்னிரண்டுக்கு அவள் இதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள். ஆனால் வீட்டில் ஒருவர் இருந்தார்.

கணவர் ஃபிரிட்ஜ், வாஷிங்மெஷின் ரிப்பேர் செய்கிறவர். செவ்வாய் அவருக்கு வார விடுமுறை. அவள் மாடிப்படிக்குப் போய் நின்றுகொண்டு போன் செய்தாள்.

"என்னங்க, செவ்வாக்கிழமை மத்தியானம் வீட்டுல கம்ப்யூட்டர் ஏதாவது தொட்டீங்களா?"

அந்தப் பக்கம் ஸ்பானர் கீழே விழுகிற சத்தம் கேட்டது.

"உங்களைத்தான் கேக்கறேன்."

"அடக் கடவுளே, உனக்கு மூக்குல வேர்த்துடுமே! பொறந்தநாள் வரைக்கும் சொல்லக்கூடாதுன்னு இருந்தேன். பீரோவுல உன் பழைய லேப்டாப் கிடந்துச்சுல்ல, பேட்டரி உப்பிப் போனது. புதுசு வாங்கி மாட்டினேன். ஜம்முனு ஓடுது. அரை மணி நேரம் போட்டுப் பாத்தேன், ஒரு பாட்டு கேட்டேன், அணைச்சு வெச்சுட்டேன். வேற எதையும் தொடலம்மா. ஏன், என்னாச்சு?"

"வந்து சொல்றேன்" என்று அவள் போனை வைத்தாள்.

அரை நாள் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினாள். பீரோவில் புடவைகளுக்கு அடியில் அந்த லேப்டாப் சுத்தமாகத் துடைத்து வைக்கப்பட்டிருந்தது. திறப்பதற்கு முன்னால் வீட்டு இன்டர்நெட்டைப் பிடுங்கினாள். உள்ளே அவளுடைய பழைய வேலையெல்லாம் அப்படியே இருந்தது. ஆபரேட்டராக இருந்த காலத்தில் சொந்த லேப்டாப்பைத்தான் அலுவலகத்துக்குத் தூக்கிக்கொண்டு போவாள். கிழவர் அப்போது சோதனை ஓட்டத்தில் இருந்தார். அவருடைய வரவுப் பெட்டியில் தினமும் குப்பைக் கோப்புகள் மண்டும். கையால் அள்ளிப் போடச் சோம்பல்பட்டு ஒரு சின்ன புரோகிராம் எழுதி வைத்தாள். தினமும் மதியம் ஒரு மணிக்குப் போய் வரவுப் பெட்டியைக் காலி செய். லேப்டாப் தூங்கிக்கொண்டிருந்தால், கண் விழித்ததும் செய். அப்புறம் பேட்டரி உப்பியது, அலுவலகம் வேறு கம்ப்யூட்டர் கொடுத்தது, இது பீரோவுக்குப் போனது. குப்பை விழுந்த அதே பெட்டியில் பின்னாளில் நிஜ மனிதர்களின் ரத்த முடிவுகள் வந்து விழ ஆரம்பித்தன.

மூன்று வருடத் தூக்கம் கலைந்து எழுந்த லேப்டாப், வீட்டு இன்டர்நெட்டை அடையாளம் கண்டு, விட்டுப்போன வேலையை விசுவாசமாகச் செய்துவிட்டுப் போயிருக்கிறது. பழைய சாவி அதனிடம் பத்திரமாக இருந்தது. இருபத்தேழு பேர் மேஜைக்கும் போய்க் குடைந்தவள், தன் பேருக்கு நேரே டிக் போட்டபோது, தன் வீட்டுப் பீரோவை நினைக்கவில்லை. பூட்டை மாற்றியிருந்தால் அந்தச் சாவி வெறும் கோப்பாகக் கிடந்திருக்கும். மாற்ற வேண்டாம் என்றது மேலாளர்தான். ஆனால் நேரில் பார்த்தேன் என்று எழுதிக் கொடுத்தது யார்? வேலியே பயிரை மேய்ந்த கதையாக இருந்தது.

கணவர் கடையைச் சாத்திவிட்டு வந்தார். விஷயத்தைக் கேட்டதும் முகம் சுண்டிப்போனது. "நான் பாட்டுக்கு உனக்கு நல்லது பண்றேன்னு…" என்றார்.

"உங்க மேல என்னங்க தப்பு? நீங்க பேட்டரிதானே மாத்தினீங்க. நான் பூட்டை மாத்தலையே."

அவர் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து மெதுவாகக் கேட்டார். "இது யாருக்கும் தெரியுமா?"

"தெரியாது. அந்தப் பதிவைத் தேடிப் பாக்கற ஒரே ஆள் நான்தான்."

"சொல்லாட்டி என்ன ஆகும்?"

"எனக்கு ஒன்னும் ஆகாது" என்றாள் அவள். "அதான்ங்க பயமா இருக்கு."

பயந்தாள், நிஜமாகவே பயந்தாள். இருபத்தேழு பேரின் முகமும் வரிசையாகக் கண்ணில் வந்து போனது. 'எதுக்கு, எவ்வளவு நேரத்துக்குன்னு எங்க உயிரை வாங்கினியே தாயே' என்று ஆளாளுக்குக் கேட்பார்கள். ஊருக்குத்தான் உபதேசம் என்பார்கள். வேலையே போனாலும் போகும். ஆனால் அந்த முகங்களுக்குப் பின்னால் ஒருவர், மனைவிக்குப் பின்னால் நாற்காலியை இழுத்துக்கொண்டு நடந்தார். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று அவர் தலையில் விழுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவளால் ஆகாது. எழுந்து முகம் கழுவினாள். லேப்டாப்பை ஒரு துணிப்பையில் போட்டு, பையின் வாயைக் கயிற்றால் கட்டி வைத்தாள்.

வெள்ளிக்கிழமை நாலு மணி. கண்ணாடிச் சுவர் வைத்த கூட்ட அறையில் தணிக்கையாளர் அம்மாள் தாள்களை அடுக்கி வைத்துக்கொண்டிருந்தார். எதிரே மேலாளர். ஓர் ஓரத்தில் நிதானம், இஸ்திரி போட்ட சட்டையும் மடியில் அந்த நோட்டுமாக. கதவக்கா பையை மேஜை மேல் வைத்தாள்.

"அழிச்சது இது" என்றாள். "இது என்னோடது."

ஏழு வரி இருந்த தாளைக் கொடுத்தாள். புரோகிராமைப் படம் பிடித்திருந்ததைக் கொடுத்தாள். அது ஓடிய நேரம் லேப்டாப்பிலேயே பதிவாகியிருந்தது, மூன்று பன்னிரண்டு. சுற்றி வளைக்காமல் பத்து நிமிடத்தில் சொல்லி முடித்தாள். மேலாளர் அந்தத் தாளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். நிதானம் நோட்டைப் பிரித்து, மூன்று பன்னிரண்டு என்று எழுதிக்கொண்டார்.

தணிக்கையாளர் ஒரு பழைய தாளை உருவினார். "இருபத்தேழு நகல்களும் அழிக்கப்பட்டன, நேரில் பார்த்தேன். இந்தக் கையெழுத்து?"

"என்னோடதுதான். இருபத்தெட்டாவது நகல் என் வீட்டுல இருந்துச்சு. அதை நான் பாக்கலை. பாக்காததைப் பாத்தேன்னு எழுதிட்டேன்."

மேலாளர் தொண்டையைக் கனைத்தார். அவருக்கு இவள் இல்லாமல் அந்த வாசல் ஒரு நாள் ஓடாது. "மேடம், பாத்தீங்கன்னா இது யார் தப்பும் இல்ல. பழைய லேப்டாப், தானா ஓடியிருக்கு. இதை ஒரு தொழில்நுட்பக் கோளாறுன்னு போட்டு முடிச்சுக்கலாம். பேர் எதுக்கு?"

கதவக்காவுக்கு வந்ததே கோபம்!

"நேத்து வரைக்கும் பேர் வேணும் பேர் வேணும்னீங்க. அவர் பேரை எழுதப் பேனாவைத் திறந்து வெச்சிருந்தீங்க. இன்னிக்கு நிஜப் பேர் கிடைச்சதும் கோளாறு ஆயிடுச்சா சார்? எழுதுங்க. என் பேரை எழுதுங்க. பூட்டை மாத்த வேணாம்னு சொன்னது யாருன்னு கீழ எழுதுங்க. மூணு கடிதம் வெச்சிருக்கேன், தேதியோட."

தணிக்கையாளர் இரண்டையும் எழுதிக்கொண்டார். "நீங்க என்ன செய்யப் போறீங்க?" என்று அவளிடம் கேட்டார்.

"மூணு வேலை இருக்கு மேடம். இப்பவே என் சாவியைப் பூட்டறேன். இனிமே எனக்கு உள்ள போகணும்னா இன்னொருத்தர் சம்மதிக்கணும். திங்கக்கிழமை கிழவரோட பூட்டை மாத்தணும், அரை நாள் நின்னாலும் சரி. அப்புறம் அந்த அறுபத்து மூணு பேர்கிட்டயும், இத்தனை நாளா சொன்ன மாதிரி ரிசல்ட் தாமதம்னு இனிமே பொய் சொல்லக்கூடாது. நானே போன் பண்றேன்."

"யார் சம்மதிக்கணும்?"

அவள் நிதானத்தின் பக்கம் கையைக் காட்டினாள். "இந்த ஆபீஸ்ல நாலாவது கட்டத்தை யாரும் கேக்காம எழுதற ஒரே மனுஷன் அவர்தான்."

நாலாவது கட்டம் என்றால் என்னவென்று அங்கே யாருக்கும் புரியவில்லை. அதை விளக்க அவள் நின்றுகொண்டிருக்கவில்லை. எழுந்து போய்த் தன் கம்ப்யூட்டரில், தன் பெயரை எடுத்து, அனுமதி என்கிற இடத்தில் இல்லை என்று மாற்றினாள். திரை அவளை வெளியே தள்ளியது.

சனிக்கிழமை பூராவும் போன். பரிசோதனை நிலையங்கள் அனுப்பிய பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். சிலர் பரவாயில்லை என்றார்கள். சிலர் கண்டபடி திட்டினார்கள். ஒரு தாய், "ஊசின்னாலே எம்புள்ளை அலறுவான். உங்களுக்கு என்ன, போன்ல ஒரு மன்னிப்பு, முடிஞ்சது" என்றாள். கதவக்கா, "ஆமாம்மா. தப்பு என்னோடதுதான். திட்டுங்க" என்றாள். அந்தத் தாய் திட்டவில்லை, போனை வைத்துவிட்டாள். அதுதான் அவளுக்கு ரொம்ப வலித்தது. அறுபத்து மூன்றாவது ஆளிடம் பேசி முடித்தபோது குரல் கட்டிப் போயிருந்தது. கணவர் வெந்நீர் கொண்டு வந்து கொடுத்தார்.

திங்கட்கிழமை காலை பத்து மணி. எழுத்தில் ஓர் எச்சரிக்கைக் கடிதம் அவளுக்கு வந்திருந்தது. வாங்கிப் படித்து மேஜையில் எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி வைத்தாள். யாராவது கேலி செய்தால் செய்யட்டும் என்றுதான் வைத்தாள். ஒருவன் கடந்து போகும்போது, "என்னக்கா, வீட்டு பீரோவுக்கும் கேமரா வெச்சாச்சா?" என்றான். "வெச்சாச்சு. உன் வீட்டுக்கும் வரேன், இரு" என்றாள்.

கிழவரின் பூட்டை மாற்றத் தெரிந்தவள் அவள் ஒருத்தி. நிதானம் அன்றைக்கு அலுவலகத்துக்கே வந்திருந்தார். அவள் அவர் மேஜைக்கு முன்னால் போய் நின்றாள். அவர் நோட்டைத் திறந்தார். பெயர், காரணம், உள்ளே வந்த நேரம், வெளியே வந்த நேரம் என்று நாலு கட்டம் போட்டு வைத்திருந்தார். பேனா மூடியைக் கழற்றினார். மூடியைப் பேனாவின் பின்னால் செருகினார். அப்புறம்தான் நிமிர்ந்தார்.

"எதுக்கு?" என்றார்.

பின்னால் இரண்டு மூன்று பேர் குபீரென்று சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை.

"பூட்டு மாத்த."

"எவ்வளவு நேரத்துக்கு?"

"ரெண்டு மணி வரைக்கும் அண்ணே."

அவர் எழுதி, எழுதியதைப் படித்துப் பார்த்து, அனுமதி கொடுத்தார். அவள் உள்ளே போனாள். கிழவர் லேசில் மசியவில்லை. பாதி வழியில் ஒரு தடவை எல்லாமே நின்று போனது. பரிசோதனை நிலையங்களிலிருந்து போன் மேல் போன். மேலாளர் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் குட்டி போட்ட பூனையாக நடந்தார். அவள் யாரையும் பார்க்கவில்லை. ஒன்று நாற்பதுக்குப் புதுப் பூட்டு விழுந்தது. பழைய சாவியைப் போட்டுத் திருப்பிப் பார்த்தாள். திறக்கவில்லை. துணிப்பையிலிருந்த லேப்டாப்பை எடுத்து எல்லோர் முன்னாலும் இயக்கினாள். அது எழுந்ததும் பழைய விசுவாசத்தோடு கிழவரின் கதவைத் தட்டியது, தட்டியது, கடைசியில் சோர்ந்து விட்டுவிட்டது.

யாரோ கைதட்டினார்கள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆறு நாளாகச் சரியாகச் சாப்பிடாதவள், சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு எழுந்து நடந்தாள்.

"ஏம்மா" என்று நிதானம் கூப்பிட்டார்.

அவள் திரும்பினாள். அவர் நோட்டையும் பேனாவையும் கையில் எடுத்துக்கொண்டு, மேஜைகளுக்கு நடுவே தன் நடையிலேயே அவளை நோக்கி வந்துகொண்டிருந்தார். அவள் திரையில் வாசல் இன்னும் திறந்தே இருந்தது.

"வெளிய வந்த நேரம் எழுதலையே."

அவள் டப்பாவைக் கீழே வைத்தாள். திரும்பிப் போய் வாசலைச் சாத்திவிட்டு வந்து, அவர் நீட்டிய பேனாவை வாங்கி, நாலாவது கட்டத்தில் ஒன்று ஐம்பத்திரண்டு என்று எழுதினாள்.